அசிட்ரோம் மாத்திரையை நிறுத்திவிட்டார் என் வீட்டுக்காரர்

வாசகர் கடிதம்:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். ஏற்காடு பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம், ஊடே மிளகு. என் வீட்டுக்காரருக்கு 46 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு நாலைந்து நாள் விடாமல் வயிற்றுவலி. கேஸ் என்று நினைத்தோம். சேலத்தில் ஸ்கேன் எடுத்ததில் மண்ணீரல் 19 செ.மீ. வீங்கியிருக்கிறது, கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்றார்கள். அப்போது ஹீமோகுளோபின் 17.9. மலையில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். பிறகு ஜாக்2 என்ற மரபணுப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தது. ரத்தவியல் டாக்டர் இது பாலிசைதீமியா வெரா, எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிற ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை என்று சொல்லி, அணுக்களைக் குறைக்க ஹைட்ராக்சியூரியாவும் ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோமும் எழுதினார். அசிட்ரோம் ஆயுள் முழுக்க வேண்டுமாம். எட்டு மாதத்துக்கு முன்பு என்டோஸ்கோபி செய்த குடல் டாக்டர், உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் பெரிதாகப் புடைத்திருக்கின்றன, வெடித்தால் ஆபத்து, ரப்பர் வளையம் (பேண்ட்) போட வாருங்கள், அசிட்ரோம் பற்றியும் யோசிக்க வேண்டும் என்றார். மழை, அப்புறம் பழம் பறிப்பு என்று தள்ளிப்போய்விட்டது. இதற்கிடையே தெரிந்தவர் ஒருவர், அது எலி மருந்து, உள்ளே குழாய் வெடிக்கிற நிலையில் இருப்பவனுக்கு அதைக் கொடுப்பார்களா என்று கேட்க, இவர் மூன்று வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டார். போன வாரம் எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 15.4, ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஹெமட்டோகிரிட் 48, தட்டணுக்கள் 4.2 லட்சம். அத்தை கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம் என்கிறார். மண்ணீரலை எடுத்துவிட்டால் சரியாகுமா? எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கும் இது வருமா? ஒரு டாக்டர் சாப்பிடு என்கிறார், ஒருவர் பயமுறுத்துகிறார். நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

அம்மா, இந்த வாரமே அவரை அழைத்துக்கொண்டு கீழே இறங்கி வாருங்கள். மிளகை வேறு யாராவது பறிக்கட்டும். மூன்று வாரமாக அவர் உடம்பில் பாதுகாப்பு எதுவும் இல்லை. அசிட்ரோமின் வேலை நிறுத்திய இரண்டு மூன்று நாளிலேயே தேய்ந்துவிடும். அதற்காக, இதைப் படித்ததும் பயந்துபோய் நாளைக்கே பழைய அளவில் நீங்களாக ஆரம்பித்துவிடவும் கூடாது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து, என்டோஸ்கோபி பார்த்து, அப்புறம்தான்.

யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டீர்கள். இரண்டு பேர் பேச்சையும் கேளுங்கள். அவர்கள் ஒருவரையொருவர் மறுக்கவில்லை. ஒரே அடைப்பின் இரண்டு பக்கங்களைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

மலைப்பாதையில் வந்து போகிறவர் நீங்கள். மழைக்காலத்தில் பாறை சரிந்து ஓடையை அடைத்துக்கொண்டால் தண்ணீர் என்ன செய்யும்? பக்கத்தில் கிடைத்த சின்னச் சின்ன வாய்க்காலில் புகுந்து கரையை அரிக்கும். அவர் வயிற்றுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை என்ற ஒரு குழாய் வழியாகப் போகிறது. குடல், மண்ணீரல் இரண்டின் ரத்தமும் அதில்தான் சேரும். அதில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டால் பின்னால் வரும் ரத்தத்துக்கு வழியில்லை. மண்ணீரலில் தேங்கி அதை வீங்கவைக்கும். மீதி, இரைப்பையையும் உணவுக்குழாயையும் ஒட்டி ஓடும் மெல்லிய குழாய்களில் புகுந்து அவற்றைப் புடைக்கவைக்கும். இவ்வளவு ரத்தத்தைத் தாங்குவதற்கு உண்டானவை அல்ல அவை. என்டோஸ்கோபியில் குடல் டாக்டர் பார்த்தது இந்தக் குழாய்களைத்தான். நம் ஊரில் நரம்பு புடைத்திருக்கிறது என்று சொல்வோம். நரம்பு வேறு, இது ரத்தக்குழாய்.

அந்தக் குழாய்கள் வெடிப்பது உள்ளே அழுத்தம் ஏறுவதால். ரத்தம் இளகிப்போனதால் அவை வெடிப்பதில்லை. அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்கு, வெடித்த பிறகு ரத்தம் நிற்கத் தாமதமாகலாம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? உறைந்த கட்டி இன்னும் நீளும். மிச்சமிருக்கும் வழியும் அடைபடும். அழுத்தம் கூடும். புடைத்த குழாய்கள் இன்னும் புடைக்கும். எது வெடித்துவிடுமோ என்று பயந்து அவர் மாத்திரையை விட்டாரோ, அதை வெடிக்கவைக்கும் அழுத்தத்தைத்தான் அது கூட்டும். இதை அவருக்கு நிதானமாகச் சொல்லுங்கள். கட்டி குடலிலிருந்து வரும் குழாய்க்குள் இறங்கிவிட்டால் குடலே அழுகிப்போகலாம். அது ரத்த வாந்தியைவிடக் குறைந்த ஆபத்து இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றரை வருடத்துப் பழைய கட்டியை அசிட்ரோம் கரைக்காது. அடைப்பு புதிதாக இருக்கும் முதல் சில வாரங்களில் மருந்து ஆரம்பித்தால் குழாய் திறந்துகொள்ள வாய்ப்பு உண்டு. இப்போது அந்த மருந்தின் வேலை புதுக் கட்டி வராமல் காப்பது. ஒன்றரை வருடம் சாப்பிட்டும் அடைப்பு அப்படியேதான் இருக்கிறது என்று ஸ்கேனைப் பார்த்து யாராவது சொன்னால், மருந்து வீண் என்று அர்த்தம் இல்லை.

எலி மருந்து என்ற பேச்சு என் காதிலும் அடிக்கடி விழுகிறது. அதில் உண்மை உண்டு. கெட்டுப்போன தீவனப்புல் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து சாவதை 1920-களில் அமெரிக்கா, கனடாப் பக்கம் பார்த்தார்கள். கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியின் குழு அந்தப் புல்லிலிருந்து அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தது. அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948-ல் எலிக்கு வைக்கப்பட்டது. 1954-லிருந்து மனிதர்களுக்கும் மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. அசிட்ரோமும் அதே குடும்பம். எலிக்கு வைப்பதில் அளவு கிடையாது. உங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுப்பது மில்லிகிராம் கணக்கில், ஐ.என்.ஆர். பார்த்துப் பார்த்து. அந்த எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இரண்டுக்குக் கீழே போனால் மருந்து சாப்பிட்டும் பயன் குறைவு, மூன்றைத் தாண்டினால் கசியும் ஆபத்து கூடும். அதனால்தான் ஆரம்பத்தில் வாரா வாரமும், நிலைபெற்ற பிறகு மாதம் ஒரு முறையும் ரத்தம் கொடுக்கச் சொல்கிறோம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவது சிரமம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஐ.என்.ஆர். பார்க்காமல் அசிட்ரோம் சாப்பிடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தப் பாதையில் வண்டி ஓட்டுவது மாதிரி.

இனி செய்ய வேண்டியது. முதலில் என்டோஸ்கோபி. எட்டு மாதத்தில் குழாய்கள் எந்த அளவுக்கு வந்திருக்கின்றன, அவற்றின் மேல் சிவப்புக் கோடுகள் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். சிவப்புக் கோடு இருந்தால் சுவர் மெலிந்து வெடிக்கும் தறுவாயில் இருக்கிறது என்று பொருள். பெரிதாக இருந்தால் பேண்ட் போடுவார்கள். புடைத்த இடத்தை உறிஞ்சி இழுத்து அடியில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவது, அவ்வளவுதான். வளையத்துக்குள் சிக்கிய பகுதி சில நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும். ஒரே தடவையில் முடியாது. இரண்டிலிருந்து நான்கு வார இடைவெளியில் சில தடவை போட வேண்டியிருக்கும். எல்லாம் அடங்கிய பிறகும் திரும்ப முளைக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். வளையம் உதிர்ந்த இடத்தில் சிறு புண் இருக்கும். அதனால் ஒவ்வொரு தடவைக்குப் பின்னும் இரண்டு வாரம் கவனம் தேவை. கஞ்சி, குழைந்த சோறு, இட்லி போதும். சேலம் வந்த சந்தோஷத்தில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அந்த இரண்டு வாரத்துக்கு மொறுமொறுப்பான எதுவும் வேண்டாம்.

பேண்டோடு கார்வெடிலால் அல்லது புரோப்ரனோலால் என்ற மாத்திரையும் எழுதலாம். இது பிரஷர் மாத்திரைதானே, எனக்குப் பிரஷர் இல்லையே என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். இங்கே அது கொடுப்பது வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்க. ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பேண்ட் போடும் அந்த வாரங்களில் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை என்ன செய்வது? இரண்டு டாக்டர்களும் கலந்து பேசித்தான் இதை முடிவு செய்ய வேண்டும். சிலருக்குத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே பேண்ட் போடலாம். சிலருக்கு அந்த நாட்களில் மட்டும் ஹெப்பாரின் வகை ஊசிக்கு மாற்றலாம். ஊசியின் வேலை சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால் கட்டுப்படுத்துவது எளிது. குழாயின் அளவு, கட்டி எங்கே வரை இருக்கிறது, தட்டணு எவ்வளவு என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். நான் இங்கிருந்து ஒரு விதியைச் சொன்னால் அது தவறாகப் போகலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன்பு இதே நோயோடு ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். போர்ட்டல் சிரையில் கட்டி. நான் ரத்தவியல்காரன், கட்டியை மட்டும் பார்த்தேன். உணவுக்குழாயைப் பார்க்கச் சொல்லாமல் அன்றைக்கே மருந்தை ஆரம்பித்தேன். இரண்டு வாரம் முடிவதற்குள் ரத்த வாந்தியோடு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரவோடு இரவாகப் பேண்ட் போட்டு, ரத்தம் ஏற்றி, பிழைத்துக்கொண்டார். பிறகு அதே மருந்தைத்தான் மறுபடி ஆரம்பித்தோம், குழாய்களை அடக்கிய பிறகு. மருந்து தப்பில்லை. நான் செய்த வரிசை தப்பு. அன்றிலிருந்து வயிற்று ரத்தக்குழாயில் கட்டி என்று யார் வந்தாலும் குடல் டாக்டரிடம் பேசாமல் நான் சீட்டு எழுதுவதில்லை. நீங்களும் அவர்களைப் பேசவையுங்கள். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவரிடம் காட்டுங்கள். இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட மருந்து, அளவு எல்லாம் ஒரே தாளில் வரும்படி கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டாம்.

இப்போது அவருடைய எண்கள். ஹெமட்டோகிரிட் 48 என்பது அதிகம். இந்த நோயில் 45-க்குக் கீழே வைக்க வேண்டும். இத்தாலியில் 365 நோயாளிகளை வைத்து நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், 45-க்குக் கீழே வைத்தவர்களைவிட 45-க்கும் 50-க்கும் நடுவில் விட்டவர்களுக்கு ரத்தம் உறைந்து வரும் கேடுகளும் இதயம் சார்ந்த சாவுகளும் ஏறக்குறைய நான்கு மடங்கு வந்தன. 45-க்கும் 48-க்கும் இடையில் பெரிய தூரமில்லை என்று தோன்றும். குழாய்க்குள் அது பெரிய தூரம். கொஞ்சம் ரத்தம் எடுத்துவிட வேண்டுமா, ஹைட்ராக்சியூரியாவை ஏற்ற வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கையில் அசிட்ரோமைக் கொடுத்துவிட்டு ரத்தத்தைக் கெட்டியாகவே விட்டுவைத்தால் பாதி வேலைதான் ஆகும்.

மலையில் இருப்பதால் ஹீமோகுளோபின் கூடும் என்று சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்குக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 17.9-க்கு அது காரணமாகாது. அதுவும் மண்ணீரல் வீங்கியவருக்கு! பொதுவாகக் கல்லீரல் கெட்டு மண்ணீரல் வீங்கினால், அது தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொண்டு எண்ணிக்கையை இறக்கிவிடும். ஒரு லட்சத்துக்கும் கீழே போகும். மண்ணீரல் இவ்வளவு பெரிதாக இருந்தும் அவருக்குத் தட்டணு 4.2 லட்சம் இருக்கிறது என்றால் எலும்பு மஜ்ஜை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறது என்று அர்த்தம். பல சமயம் இந்த நோய் எங்களிடம் அகப்படுவதே இப்படித்தான். 2005-ல் ஜாக்2 மரபணு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஒரு ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்ய முடிகிறது. உங்கள் டாக்டர் அதைச் செய்திருக்கிறார், நல்லது.

தட்டணு எண்ணிக்கையை இரண்டு பக்கமும் கவனியுங்கள். 50,000-க்குக் கீழே இறங்கினால் அசிட்ரோம் அளவைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும். 10 லட்சத்தைத் தாண்டினாலும் ரத்தம் கசியலாம். ரத்தத்தை நிறுத்த உதவும் ஒரு புரதத்தை அத்தனை தட்டணுக்களும் சேர்ந்து குறைத்துவிடுவதே அதற்குக் காரணம்.

அவர் ஈகோஸ்பிரின், அதாவது ஆஸ்பிரின், சாப்பிடுகிறாரா என்று கடிதத்தில் இல்லை. இந்த நோய்க்கு 75 மி.கி. ஆஸ்பிரின் வழக்கமாகக் கொடுப்போம். ஆனால் அசிட்ரோமோடு சேர்த்துச் சாப்பிட்டால், அதுவும் புடைத்த குழாய்களோடு, கசியும் ஆபத்து நன்றாகவே கூடும். பழைய சீட்டில் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். முதுகுவலி, முட்டிவலி என்று மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், புரூஃபென் இரண்டும் கூடவே கூடாது. தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவருக்கு வலி வரத்தான் செய்யும். பாரசிட்டமால் போதும், அதையும் ஒரு நாளைக்கு இரண்டு கிராமுக்குள். இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளவும் வேண்டாம், தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

கீரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் இதில் குழம்புகிறார்கள். கீரையில் இருக்கும் வைட்டமின் கே, அசிட்ரோமுக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையையே விட்டுவிட வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள். ஒரு மாதம் சுத்தமாக நிறுத்திவிட்டு அடுத்த வாரம் தினமும் முருங்கைக்கீரை என்று போனால்தான் ஐ.என்.ஆர். தடுமாறும். கீழாநெல்லி வேண்டாம் என்று அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் பாசத்தில் சொல்கிறார், ஆனால் இது மஞ்சள் காமாலை இல்லை. அசிட்ரோம் சாப்பிடும்போது எந்தப் பச்சிலையையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. சாராயம், பீர் எதுவும் கிட்டே வரக் கூடாது.

அசிட்ரோம் ஒத்துவரவில்லை, ஐ.என்.ஆர். ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் அபிக்சபான், ரிவரோக்சபான் போன்ற புதிய மருந்துகள் இருக்கின்றன. இவற்றுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை. அவர் கல்லீரல் நன்றாக இருந்தால், மலையில் இருக்கிறவருக்கு இது வசதிதான், கேட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இவற்றின் வேலை ஒரு நாளில் அடங்கிவிடும். வேளை தவறினால் பாதுகாப்பும் தவறும். மூன்று வாரம் மாத்திரையை விட்ட ஒருவருக்கு இதை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். ரிவரோக்சபான் 20 மி.கி. என்றால் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும்.

மண்ணீரலை எடுப்பது இந்த நோயில் நல்ல யோசனை அல்ல. எடுத்தபின் தட்டணுக்கள் கிடுகிடுவென ஏறி, மறுபடி ரத்தம் உறையும். மிகச் சிலருக்கு, வேறு வழியே இல்லாதபோதுதான் அதைப் பற்றிப் பேசுவோம். ஆனால் அந்தப் பெரிய மண்ணீரலைக் காப்பாற்றியாக வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிக்கும் வேலையை இனி அவர் செய்யக் கூடாது. அந்த உயரத்திலிருந்து விழுந்தால் மண்ணீரல் கிழியும், மருந்து சாப்பிடுகிறவருக்கு ரத்தம் நிற்காது. ஆள் வைத்துக்கொள்ளுங்கள். கூலி செலவானாலும் பரவாயில்லை.

ரத்த வாந்தி, தார் மாதிரி கருத்துப் பிசுபிசுக்கும் மலம், திடீர் மயக்கம், வியர்த்துக்கொட்டுதல்: இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஏற்காடு அரசு மருத்துவமனையில் ஊசியும் குளுக்கோஸும் போட்டு நிலைப்படுத்திக்கொண்டு சேலத்துக்கு இறங்குங்கள். அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீட்டு இருக்கட்டும்: நோயின் பெயர், அசிட்ரோம் அளவு, கடைசி ஐ.என்.ஆர்., ரத்த வகை. விடாத வயிற்றுவலி வந்தாலும் அதே அவசரம்தான். போன தடவை கேஸ் என்று நாலைந்து நாள் போனதை மறக்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும், அதனால் குழப்பம் வரும். அவருக்கு அந்த மாத்திரை ஹெமட்டோகிரிட்டையும் ஏற்றிவிடும் என்பதால் சொல்லாமல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

புற்றுநோய் என்ற சொல் உங்கள் வீட்டில் எவ்வளவு கனமாக விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் 2008-ம் ஆண்டு வகைப்பாட்டில் இதை அந்தப் பெயரில் சேர்த்தார்கள். ஆனால் இது மாதக்கணக்கில் ஆளை அடித்துப்போடும் வகை இல்லை. மெதுவாக நகரும் நோய். ஹெமட்டோகிரிட்டையும் ரத்தம் உறைவதையும் கட்டுக்குள் வைத்தவர்கள் பல வருடங்கள் வேலை பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். 46 வயதில் அவருக்கு நிறையக் காலம் இருக்கிறது.

கடைசியாகப் பிள்ளைகள். ஜாக்2 மாற்றம் பெரும்பாலும் பிறந்த பிறகு எலும்பு மஜ்ஜையில் ஏற்படுவது, தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போவது இல்லை. சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வருவதுண்டு, அது அபூர்வம். பிள்ளைகளுக்கு இப்போது ஜாக்2 பரிசோதனை தேவையில்லை. வளர்ந்த பிறகு எப்போதாவது ரத்தம் பரிசோதிக்கும்போது, அப்பாவுக்கு இப்படி ஒரு நோய் உண்டு என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.